பாட்டையா பேரைத் தேடி நாலு வருஷம்: பழைய சிங்கப்பூர்ப் பத்திரிகைகளோடு என் அனுபவம்

எங்கள் வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் பேச்சு எப்படியோ சுற்றிச் சுற்றிப் பாட்டையாவிடம் வந்து நிற்கும். அப்பச்சியின் ஐயா அவர், அதாவது என் அப்பாவின் தாத்தா. சிங்கப்பூரில் ஒரு வட்டிக்கடைக்கு ஏஜெண்டாகப் போனவர். “கணக்கில் கை வைத்துவிட்டார், முதலாளி பவரை ரத்து பண்ணிக் கப்பலேற்றிவிட்டார்” என்பதுதான் நான் சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. பவர் என்றால் முதலாளி சார்பில் கையெழுத்துப் போட ஏஜெண்டுக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். யார் முதலில் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மூன்று தலைமுறையாக அது நின்றுவிட்டது.

நாலு வருஷத்துக்கு முன்னால் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி தளத்தைத் திறந்தபோது எனக்கு இருந்த ஒரே நோக்கம் இந்தக் கதை உண்மையா என்று பார்ப்பதுதான். 1845-இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், 1914-இல் தொடங்கிய மலாயா ட்ரிப்யூன் என்று அந்த ஊரின் பழைய பத்திரிகைகள் பலவும் அங்கே இருக்கின்றன. நூறு வருஷத்துக்கு முந்தைய பக்கங்களைக் காரைக்குடியில் வீட்டிலிருந்தபடி காசில்லாமல் படிக்கலாம். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நன்றியாகத்தான் இருக்கிறது.

பாட்டையா பேரைப் போட்டுத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. ஒரு மாதம் விதவிதமாக எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். அப்போதுதான் புத்தியில் பட்டது: அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் ஒரு செட்டியாரைப் பேர் சொல்லித் தேடினால் கிடைக்க மாட்டார், விலாசம் சொல்லித் தேட வேண்டும். கடையின் விலாசம் என்பது முதலாளி வீட்டு முன்னோர் பேர்களின் ஆங்கில முதலெழுத்துகள். இராமநாதனுக்கு ஆர்எம், அருணாசலத்துக்கு ஏஆர், பழனியப்பனுக்கு பிஎல், சிதம்பரத்துக்கு சிடி. கோர்ட்டிலும் பத்திரத்திலும் விளம்பரத்திலும் ஆளுக்கு முன்னால் இந்த எழுத்துகள்தான் நின்றன. ஏஜெண்டு மாறுவார், விலாசம் மாறாது.

அச்சுக் கோத்தவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை. ஆர்எம் ஒரே பேர் என்று தெரியாமல் நடுவில் புள்ளி வைத்துப் பிரித்துவிடுவார். செட்டி என்பதை ஆங்கிலத்தில் ஒரு நாள் ‘இ’ போட்டும் ஒரு நாள் ‘ஐ’ போட்டும் அச்சடித்திருப்பார். போதாததற்கு, பழைய தாளை இயந்திரம் படிக்கும்போது மங்கின ‘எச்’ ‘பி’ ஆகிவிடும். அதனால் ஒரே விலாசத்தைப் புள்ளியோடும் புள்ளியில்லாமலும் இடைவெளி விட்டும் விடாமலும் ஆறேழு விதமாகப் போட வேண்டியிருந்தது. அப்புறம் ஒரு நல்ல பழக்கம் வந்தது: விலாசத்தை விட்டுவிட்டு மார்க்கெட் ஸ்ட்ரீட் என்று போட்டு, விளம்பரங்கள் மட்டும் வரும்படி வடிகட்டிப் பார்ப்பது. செட்டியார்கள் சேர்ந்திருந்து வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்த தெரு அது. நம் ஆட்கள் செட்டித் தெரு என்றே சொன்னார்கள். தெருப் பேரை அச்சுக் கோப்பவர் தப்பாகப் போடுவது குறைவு.

அப்படித்தான் பாட்டையா கிடைத்தார். 1927 ஜனவரி, விளம்பரப் பக்கம், ஐந்தாறு வரி. இன்ன விலாசத்து முதலாளி, இன்னாருக்குக் கொடுத்திருந்த பவரை ரத்து செய்துவிட்டார், இனி அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை, அவர் இடத்தில் இன்னார் வருகிறார்.

ராத்திரி பதினொரு மணி. அதைப் படித்துவிட்டு விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அப்படியானால் கதை நிஜம்தான் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வாரம் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த இரண்டு வாரத்துக்காக இப்போதும் வருத்தப்படுகிறேன். ஏனென்றால் நான் ஒரு துண்டைத்தான் படித்திருந்தேன், பத்திரிகையைப் படிக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை 1925 முதல் 1930 வரை இந்த மாதிரி அறிவிப்புகளை மட்டும் வரிசையாக எடுத்தேன். நாற்பதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். எல்லாம் அச்சு வார்த்த மாதிரி அதே வாசகம். யார் ஊர் திரும்பினாலும் இப்படித்தான் போட்டிருக்கிறார்கள். காரணமும் யோசித்தால் விளங்குகிறது. முதலாளி இருப்பது தேவகோட்டையிலோ கண்டனூரிலோ. அவர் சார்பில் கடன் கொடுக்க, அடமானம் வாங்க, கேஸ் போட, எல்லாவற்றுக்கும் கையெழுத்து ஏஜெண்டுடையது. அவர் கணக்கு முடிந்து கப்பலேறினால், இனி அவர் கையில் பணம் கட்டாதீர்கள் என்று ஊரறியச் சொல்லத்தான் வேண்டும். 1929 கடைசியில் பாட்டையாவுக்குப் பின்னால் வந்தவருடைய பவரும் அதே வார்த்தைகளில் ரத்தாகியிருக்கிறது. அவரை யாரும் கைவைத்தவர் என்று சொன்னதாக நான் கேட்டதில்லை.

ஏஜெண்டாகப் போகிறவர் மூன்று வருஷக் கணக்குக்குத்தான் போவார். சரி, அது பாட்டையாவுக்கு உண்மையில் பொருந்துகிறதா? பெட்டகத்தில் பாட்டையாவின் சம்பளச் சீட்டு, அதாவது வேலைக்குப் போகும்போது எழுதிய ஒப்பந்தம், இருந்தது. ருத்ரோத்காரி வருஷம் ஆவணி மாதம். இந்த இடத்தில் பலர் தடுமாறுவார்கள். தமிழ் வருஷங்கள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. 1983 சித்திரையில் பிறந்தது ருத்ரோத்காரி, அதற்கு முந்தையது 1923. ஆக, 1923 ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் சீட்டு எழுதி, 1927 ஜனவரியில் அறிவிப்பு. போக வர, பொறுப்பை ஒப்படைக்க என்று சேர்த்தால் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. வீட்டுக் காகிதமும் பத்திரிகையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்ட அந்த நாளை நான் மறக்கவே மாட்டேன்.

காலத்தின் நிலவரமும் பக்கத்துப் பத்திகளிலேயே கிடைத்துவிடுகிறது. 1920-க்குப் பின் ரப்பர் விலை விழுந்து, 1922-இல் ஸ்டீவன்சன் திட்டம் வந்து உற்பத்தியைக் கட்டுப்படுத்தினார்கள். பாட்டையா போய் இறங்கியது அந்தக் காலத்தில். கடன் கொடுத்துத் தொழில் செய்கிறவருக்கு அது எப்படிப்பட்ட மூன்று வருஷம் என்று கோர்ட்டுப் பட்டியல்களைப் பார்த்தால் புரியும்.

கிடைக்காததையும் சொல்ல வேண்டும். பாட்டையாவின் மனைவி, எங்கள் குடும்பத்தை அந்த மூன்று வருஷமும் ஊரிலிருந்து தாங்கியவர், ஒரு வரியில்கூட வரவில்லை. மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்குப் போனவர்களின் நிலை இன்னும் மோசம். ஆள் சேர்க்கும் கங்காணியோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறிய ஆயிரக்கணக்கானவர்கள் ஆங்கிலப் பத்திரிகையில் பெரும்பாலும் வெறும் எண்ணிக்கைதான். உங்கள் முன்னோர் பால்மரம் வெட்டப் போனவர் என்றால், ஆளைத் தேடுவதை விட்டுத் தோட்டத்தின் பேரைத் தேடுங்கள். மரண விசாரணை, போலீஸ் கோர்ட்டுச் செய்திகள், வேலைநிறுத்தம் என்று ஏதாவது கிடைக்கலாம். ஊர்ப் பேரும் பழசாகத்தான் இருக்கும். இன்றைய கிள்ளான் துறைமுகம் அன்று போர்ட் ஸ்வெட்டன்ஹாம், தெலுக் இந்தான் அன்று தெலுக் ஆன்சன். 1935-க்கு அப்புறம் என்றால் தமிழ் முரசு இருக்கிறது. கோ. சாரங்கபாணி நடத்திய அந்தப் பத்திரிகையில் நம் மக்கள் பேரோடும் ஊரோடும் வருகிறார்கள். ஆங்கிலப் பக்கங்களிலேயே வருஷக்கணக்கில் உழன்றுவிட்டு அதைத் திறந்தபோது கண் கலங்கிவிட்டது.

நம் ஊர்ப் பக்கத்துச் செய்திகளுக்கு, காரைக்குடியிலிருந்து 1920-களில் வந்த ஊழியன், குமரன் மாதிரி இதழ்கள் உதவும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். அந்தச் சேகரிப்பே எங்கள் பக்கத்துக் கோட்டையூரில் ஒருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்தது. பணம் கட்டிச் சேரும் வெளிநாட்டுத் தளம் ஒன்றிலும் ஒரு வருஷம் இருந்தேன். என் தேடலுக்கு அது பயன்படவில்லை.

கண்டுபிடித்த எதையும் பத்திரிகைப் பேர், தேதி, பக்க எண்ணோடு அன்றைக்கே எழுதிவைத்துவிடுங்கள். முதல் வருஷம் நான் எழுதவில்லை. படத்தை மட்டும் சேமித்துவைத்து, எது எந்தப் பத்திரிகை என்று மறுபடி தேடி அலைந்தேன்.

போன பொங்கலுக்கு எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அச்செடுத்து அத்தையிடம் கொண்டுபோனேன். எண்பத்தாறு வயது. பாட்டையாவின் அறிவிப்பு, அடுத்தவருடைய அறிவிப்பு, மற்ற நாற்பது, சம்பளச் சீட்டு என்று ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. “இதை எங்க அப்பச்சி இருக்கையிலே கொண்டாந்திருக்கலாமே அப்பச்சி” என்றார்கள். அப்புறம், “ஐயா ரஜூலாக் கப்பல்ல வந்தாகன்னு ஆத்தா சொல்லுவாக, அது போட்டிருக்கா?” என்று கேட்டார்கள்.

ரஜூலா கட்டப்பட்டதே 1926-இல்தான். போகும்போது அதில் போயிருக்க முடியாது. திரும்பும்போது வந்திருக்கலாம். பத்திரிகைகளில் மேல்வகுப்புப் பயணிகளின் பேர்தான் அச்சாகும், டெக்கில் வந்தவர்கள் பேர் இருக்காது. ஆனாலும் எந்தத் தேதியில் எந்தக் கப்பல் நாகப்பட்டினத்துக்குப் புறப்பட்டது என்று தினமும் போட்டிருக்கிறார்கள். 1927 ஜனவரியை முடித்துவிட்டேன். இப்போது பிப்ரவரியில் இருக்கிறேன்.