கப்பலுக்குள் நாலரை, கரையில் ஒன்று: குரூஸ் கம்பனிகளின் முறைப்பாட்டு மேசை

கிளிநொச்சியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார்: “அண்ணை, மார்கழியில அம்மா அப்பாவைச் சிங்கப்பூரில குரூஸ் ஏத்தப் போறம். காசு ரொறன்ரோவில இருக்கிற அண்ணா கட்டுறார். அந்தக் கம்பனியை வேற கம்பனியோட சேர்க்கப் போறாங்களாம் எண்டு கதை வருது. புக் பண்ணலாமோ?”

கபின் எப்படி, சாப்பாடு எப்படி, நீச்சல் தடாகம் எத்தனை என்பதெல்லாம் யூடியூப்பில் கொட்டிக் கிடக்கிறது. 2023 யூனில் சென்னையிலிருந்து எம்பிரஸ் என்ற குரூஸ் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்து போன பிறகு, குரூஸ் என்றால் என்னவென்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையுமில்லை. தம்பியின் கேள்வியின் கடைசிப் பாதிதான் பெறுமதியானது. பிழை வந்தால் யாரிடம் முறையிடுவது, கம்பனி கைமாறினால் அந்த முறைப்பாடு என்னவாகும் என்பதை விற்கிறவர்கள் எவரும் சொல்வதில்லை.

முதலில் எங்கள் ஆட்களின் ஏற்பாட்டைப் பாருங்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூர் குறுகியகால விசா கேட்பதில்லை. அதனால் குடும்பம் அங்கேதான் கூடும். பெற்றோர் கட்டுநாயக்காவிலிருந்து, பிள்ளைகள் கனடா, லண்டன், மெல்பேர்ணிலிருந்து. கபினில் படுப்பவர் ஒருவர், கார்ட் இன்னொருவருடையது, புக்கிங் மூன்றாமவரின் மின்னஞ்சலில். குறை ஒன்றும் வராதவரை இதில் சிக்கல் இல்லை. வந்துவிட்டால் கம்பனி முதலில் கேட்பது “நீங்கள் யார்?” என்றுதான்.

நல்லதை முதலில் சொல்லவேண்டும். கப்பலுக்குள் இருக்கிற கெஸ்ட் சேர்விஸ் கவுண்டரைப் போல வேலை செய்கிற இடம் பயணத்துறையில் வேறெங்கும் கிடைக்காது. பெரிய கப்பல்களில் இராப்பகலாகத் திறந்திருக்கும். கப்பல் ஊழியர்களில் இந்தியர் நிறையப் பேர் என்பதால், தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடச் சொன்னால் பெரும்பாலும் யாராவது வருவார். அம்மா தன் பாட்டில் தமிழில் கதைத்து அலுவல் முடிக்கலாம். ஆனால் கணினியில் பதிவது ஆங்கிலத்தில்தான் என்பதால், என்ன எழுதினார்கள் என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அந்தக் கவுண்டரில் எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில்தான் பாதி விடயம் இருக்கிறது. கப்பல் மலசலகூடம் தண்ணீர் அடித்துக் கழுவுவதல்ல, வக்யூமில் உறிஞ்சுவது. மேல்தட்டு, கீழ்த்தட்டு, பக்கத்துக் கபின் என்று பல கபின்கள் ஒரே நிலைக்குத்துக் குழாயில் சேரும். யாரோ ஒருவர் ஈரத்துடைப்பானைப் போட்டால் அந்த வரிசையே உறிஞ்சாமல் நின்றுவிடும். “ரொயிலற் வேலை செய்யேல்லை” என்று மட்டும் சொன்னால் ஒருவர் வந்து பொத்தானை அமத்திப் பார்த்துவிட்டுப் போவார். பக்கத்துக் கபின்காரரையும் கேட்டுவிட்டு, “இந்த வரிசையில் மூன்று கபின், இரவு ஒன்பதரை தொடக்கம்” என்று சொன்னால் அது உடனே தொழில்நுட்பப் பகுதிக்குப் போகும். ஏசியும் அப்படித்தான். பல்கனிக் கதவு திறந்திருந்தால் பல கப்பல்களில் அந்தக் கபினின் குளிர் தானாகக் குறைந்துவிடும். கடற்காற்றும் வேண்டும், ஏசியும் வேண்டும் என்று கதவைத் திறந்துவைத்துவிட்டு முறையிட்டால், வருகிற ஆள் சிரித்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போவார். அந்தப் பதிவும் “தீர்க்கப்பட்டது” என்றுதான் விழும்.

பதிய வேண்டியவை இவை: கபின் இலக்கம், புக்கிங் இலக்கம், குறை தொடங்கிய நேரம், யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார். குறையைப் படமெடுங்கள், நேரம் தெரியக்கூடியதாக. கவுண்டரில் பதிவிலக்கம் கேளுங்கள். இலக்கம் தரமுடியாது என்றால் கப்பலின் செயலியில் உள்ள சாட்டில் அதே விடயத்தை எழுதி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைக்கவேண்டும். ஒரு நாளுக்குள் சரிவராவிட்டால் ஹோட்டல் டைரக்டரைச் சந்திக்கக் கேளுங்கள். கப்ரினிடம் போகவேண்டும் என்று சத்தம் போடுகிறவர்கள் உண்டு. கப்ரினுக்குக் கடல்தான் வேலை. கபின் மாற்றித் தருவது, கட்டிய விசேட உணவகக் காசைத் திருப்புவது, கப்பல் கணக்கில் வரவு வைப்பது எல்லாம் ஹோட்டல் டைரக்டரின் கையில்.

வரவு தருகிறோம் என்றால் எந்த வரவு என்று கேட்காமல் தலையாட்டவேண்டாம். ஒன்போர்ட் கிரெடிட்டில், அதாவது கப்பலுக்குள் செலவழிக்கிற வரவில், இரண்டு வகை உண்டு. ஒன்று, செலவழிக்காவிட்டால் கடைசியில் கார்ட்டுக்குத் திரும்பும். மற்றது கடைசி இரவோடு காணாமல் போகும். இதைவிட மோசமானது ஃபியூச்சர் குரூஸ் கிரெடிட், அதாவது அடுத்த பயணத்துக்கு மட்டும் பாவிக்கக்கூடிய வரவு. அதற்கு முடிவுத் திகதி உண்டு, பெரும்பாலும் பெயர் மாற்ற முடியாது, வரிக்கும் துறைமுகக் கட்டணத்துக்கும் பாவிக்க முடியாது, அந்த ஒரு பிராண்டுக்குள் மட்டுமே செல்லும். அந்த பிராண்ட் அடுத்த வருடம் இருக்குமா என்பதே கேள்வியாக இருக்கும்போது இதை வாங்குவது, கம்பனிக்கு வட்டியில்லாக் கடன் கொடுப்பதுதான்.

கோபப்பட்டும் பிரயோசனம் இல்லாத ஒன்று, துறைமுகத்தைத் தவறவிடுவது. காலநிலையாலோ வேறு காரணத்தாலோ ஒரு துறைமுகத்துக்குப் போகாமல் விட ரிக்கற் ஒப்பந்தம் கம்பனிக்கு முழு உரிமை கொடுக்கிறது. அந்தத் துறைமுகத்தின் வரியும் கட்டணமும் கணக்கில் வரவாகும், கம்பனியிடம் வாங்கிய சுற்றுலாக் காசு திரும்பும், அவ்வளவுதான்.

கடைசி இரவு முக்கியம். கபின் ரீவியிலோ செயலியிலோ முழுக் கணக்கையும் பாருங்கள். தலைக்கு நாளுக்கு இவ்வளவு என்று டிப்ஸ் தானாக ஏறியிருக்கும். குடிக்காத அப்பாவின் கணக்கில் மினிபார் ஏறியிருக்கும். இறங்குகிற காலையில் கவுண்டரில் வரிசை நீண்டுவிடும், ஆகவே முதல்நாள் இரவே போய்த் திருத்த வேண்டும். டிப்ஸில் மாற்றம் வேண்டுமென்றாலும் அநேகமான கம்பனிகளில் இறங்குவதற்கு முன்னர்தான் செய்யலாம்.

இனிக் கரை. இறங்கிய பிறகு முறையிடுவது அறுவடை முடிந்த வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது போலத்தான். அமெரிக்கக் கம்பனிகளின் இலவச அழைப்பு இலக்கங்களை இலங்கையிலிருந்து நம்பியிருக்க முடியாது. மியாமியில் காலை ஒன்பது மணிக்கு அலுவலகம் திறக்கும்போது கிளிநொச்சியில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. மின்னஞ்சல் போட்டால், “உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்” என்று தொடங்கி, கேட்ட எதற்கும் பதில் இல்லாமல் முடிகிற கடிதம் வரும். முகவர் மூலம் புக் பண்ணியிருந்தால் “முகவரைக் கேளுங்கள்”. முகவரைக் கேட்டால் “கம்பனியைக் கேட்டிருக்கிறம்”. கரை அலுவலகம் முதலில் பார்ப்பது கப்பலில் பதிந்ததைத்தான். அங்கே ஒன்றும் இல்லையென்றால், பயணத்தின்போது எங்களுக்கு அறிவிக்கப்படவில்லை என்ற ஒரே வரியில் கதை முடியும்.

கம்பனி மறுசீரமைப்பில் இருந்தால் இதற்குமேல் இன்னொரு தட்டு. பிராண்ட் இணைப்பு, ஆட்குறைப்பு, கோல் சென்டரை வேறு நாட்டுக்கு மாற்றுவது என்று வந்தால் முதலில் அடிபடுவது வாடிக்கையாளர் பிரிவு. பழைய கணினியில் இருந்த கேஸ் நம்பர் புதியதில் திறக்காது. புக்கிங் மாறிவரும், முறைப்பாடு மாறிவராது. பழைய மின்னஞ்சல் முகவரி சில மாதம் புதியதற்குத் திருப்பிவிடும், பிறகு செத்துவிடும். புதிய ஆள் “முதலிலிருந்து சொல்லுங்கள்” என்பார். இந்தத் துறையில் எரிச்சல் என்றால் இதுதான். கப்பலில் இரவு இரண்டு மணிக்குக் குழாய் திருத்த ஆள் அனுப்புகிறவர்களுக்கு, ஒரு பதிவை ஒரு கணினியிலிருந்து மற்றதுக்கு மாற்ற முடியாதாம்.

ஆனால் எல்லா மறுசீரமைப்பும் ஒன்றல்ல. 2024 யூனில் கார்னிவல் குழுமம் பி அன்ட் ஓ அவுஸ்திரேலியா பிராண்டை மூடப்போவதாக அறிவித்தது. 2025 மார்ச்சில் அதன் கப்பல்களான பசிபிக் என்கவுண்டரும் பசிபிக் அட்வெஞ்சரும் கார்னிவல் பெயருக்கு மாறின. பலகையும் இணையத்தளமும்தான் மாறின, தாய்க் குழுமம் மாறவில்லை. இப்படியானதில் காசு பத்திரம், நேரம்தான் வீணாகும். கெந்திங் ஹொங்கொங் என்ற குரூஸ் குழுமத்தின் கதை வேறு. 2022 ஜனவரியில் அதன் ஜேர்மன் கப்பல்கட்டும் தளம் வங்குரோத்துக்குப் போக, பின்னால் தாய்க் கம்பனியும் கலைப்புக்குப் போனது. அதன் கிறிஸ்டல் சிம்பொனி கப்பல், எரிபொருள் கடனுக்காக மியாமியில் பிடிபடாமல் இருக்கப் பயணிகளோடு பஹாமாஸின் பிமினிக்குத் திரும்பியது. முற்பணம் கட்டியவர்கள் புளோரிடாவில், கம்பனியிடம் காசு வரவேண்டியவர்களின் வரிசையில் நின்றார்கள். அதே குழுமத்தின் கெந்திங் ட்றீம் 2022 யூனில் றிசோர்ட்ஸ் வேர்ல்ட் குரூஸஸ் என்ற புதிய கம்பனியின் கீழ் சிங்கப்பூரிலிருந்து திரும்பவும் ஓடத்தொடங்கியது. கப்பல் ஒன்றுதான், கம்பனி வேறு. பழைய கம்பனிக்குக் கட்டியது சட்டப்படி பழைய கம்பனியின் கடன்.

ஆகவே புக் பண்ணமுன் விளம்பரத்தில் இருக்கிற பெயரை விட்டுவிட்டு, ரிக்கற் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தைப் பாருங்கள். “கரியர்”, அதாவது பயணத்துக்குச் சட்டப்படி பொறுப்பான கம்பனி, என்று எந்தக் கம்பனி எழுதப்பட்டிருக்கிறது, எந்த நாட்டு நீதிமன்றம் என்று இருக்கிறது என்ற இரண்டும் போதும். ஒப்பந்தத்தின் பிடிஎப் பிரதியைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டு வைக்கவேண்டும், ஏனென்றால் இணையத்தளம் மாறும்போது பழைய நிபந்தனைகளும் மறைந்துவிடும்.

நீதிமன்ற விடயம் பகிடியல்ல. 1991 இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், கார்னிவல் ரிக்கற்றில் அச்சிட்டிருந்தபடி புளோரிடாவில்தான் வழக்குப் போடவேண்டும் என்று வாஷிங்டன் மாநிலத்துத் தம்பதிக்குச் சொல்லிவிட்டது. காயம், நோய் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் அறிவிப்பு, ஒரு வருடத்துக்குள் வழக்கு என்பதுதான் அந்த ஒப்பந்தங்களில் வழமை. இதற்கு எதிர்மாறான தீர்ப்பு 2023 டிசம்பரில் வந்தது. கொவிட் பரவிய ரூபி பிரின்சஸ் கப்பல் வழக்கில் அவுஸ்திரேலிய உயர்நீதிமன்றம், கூட்டு வழக்கில் சேரக்கூடாது என்ற நிபந்தனை நியாயமற்றது, செல்லாது என்றது. அதில் எழுந்த கேள்வியே கனடாவிலிருந்து அமெரிக்க நிபந்தனைகளின் கீழ் வந்த பயணியைப் பற்றியது. ரொறன்ரோ அண்ணாமார் கவனிக்கவேண்டிய தீர்ப்பு.

ஐரோப்பிய ஒன்றியத் துறைமுகத்தில் ஏறினால் நிலைமை நல்லது. ஒன்றியத்தின் 2010 ஆம் ஆண்டின் 1177 ஆம் இலக்க ஒழுங்குவிதிப்படி இரண்டு மாதத்துக்குள் முறையிட்டால், ஒரு மாதத்துக்குள் நிலைமையைச் சொல்லவேண்டும், இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்லவேண்டும். அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறுவதென்றால், பயணம் ரத்தாகினாலோ மூன்று நாள் அல்லது அதற்குமேல் தாமதமானாலோ காசு திரும்பக் கேட்க அந்நாட்டுக் கடற்போக்குவரத்து ஆணையமான பெடரல் மரிரைம் கமிஷனின் விதி உண்டு. சிங்கப்பூரில் ஏறுகிறவருக்கு இந்த இரண்டும் கைகொடுக்காது. அங்கே ஒப்பந்தமும் கார்ட்டும்தான்.

கார்ட் என்றால், பயணத்துக்குக் கட்டுவது கடனட்டையாக இருக்கட்டும். வங்கிமாற்றாக முகவரின் கணக்குக்குப் போட்ட காசைத் திருப்புவது குதிரைக்கொம்பு. கம்பனி சேவை தராவிட்டால் கார்ட் கொடுத்த வங்கியிடம் சார்ஜ்பாக், அதாவது கட்டிய காசை வங்கி மூலம் திரும்பப் பெறுவது, கேட்கலாம், பொதுவாக 120 நாள் அவகாசம். அதைக் கேட்கக்கூடியவர் கார்ட்காரர் மட்டும். அம்மாவின் படங்களும் பதிவிலக்கமும் ரொறன்ரோவுக்குப் போய்ச்சேர வேண்டும். கப்பலுக்குள் செலவுக்கு எங்கள் வங்கி டெபிட் கார்ட்டைக் கொடுத்தால், பல வங்கிகளில் வெளிநாட்டுப் பாவனையை முதலே திறந்துவிடவேண்டும். செலவுக்கு உத்தரவாதமாகக் கப்பல் கார்ட்டில் மறித்து வைக்கிற தொகை இறங்கிப் பல நாள் கழித்துத்தான் விடுபடும். கப்பலில் ஏறியதும் அந்தச் செலவுக்குக் காசாக முற்பணம் கட்டுவது வயதானவர்களுக்கு வசதி.

ஐந்துக்குப் புள்ளி கேட்டால், கப்பலுக்குள் நாலரை, கரையில் ஒன்று. சராசரி மூன்றுக்குக் கிட்ட வரும். ஆனால் அந்த “உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்” கடிதத்தை நினைத்தால் இரண்டுக்கு மேல் கை போகுதில்லை. அப்படியிருந்தும் தம்பிக்குப் பதில்: புக் பண்ணுங்கோ. முழங்கால் வருத்தமுள்ள அம்மாவுக்கு, பெட்டியை ஒருக்காத் திறந்துவைத்துவிட்டு லிப்டில் ஏறி இறங்கி நாலு இடம் பார்க்க இதைவிட்டால் வேறு வழி இல்லை. முற்பணத்தை மட்டும் இப்போது கட்டுங்கோ, மிகுதியைக் கடைசித் திகதிவரை இழுங்கோ. குடிவகைப் பொதி, இணையப் பொதி ஒன்றையும் முன்கூட்டி வாங்கவேண்டாம். மருத்துவக் காப்புறுதி கட்டாயம், கப்பல் டொக்டரின் பில் அம்மாவின் கபின் கணக்கில்தான் ஏறும். கம்பனி பயணத்தை ரத்துச் செய்து, காசுக்குப் பதிலாகக் கூடுதல் பெறுமதியில் ஃபியூச்சர் கிரெடிட் என்று ஆசைகாட்டினால், வேண்டாம், கார்ட்டுக்கே திருப்புங்கோ என்று அண்ணாவை அன்றைக்கே எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கோ.