எட்கர்: பயோடெக் ஒப்பந்த வேலைக்கு நான் முதலில் திறக்கும் தளம்

பயோடெக் நிறுவனங்களில் ஒப்பந்த வேலை பார்ப்பவர்கள் நாலு பேர் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே சாஃப்ட்வேர் பக்கம் போய்விடும். ஒப்பந்தங்களை நிர்வகிக்கும் எந்த சிஎல்எம் மென்பொருளை வாங்கினீர்கள், சந்தா எவ்வளவு, அதில் இருக்கும் ஏஐ ஒழுங்காகப் படிக்கிறதா? நான் அதற்கெல்லாம் முன்னால் பரிந்துரைப்பது காசே கேட்காத ஒன்றை. அமெரிக்கப் பங்குச் சந்தையை மேற்பார்வையிடும் எஸ்இசியின் எட்கர் தளம். முதலீட்டாளர்களுக்கான இடம் என்றுதான் பலரும் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். எங்கள் துறைக்கு அதைவிடப் பெரிய நூலகம் கிடையாது.

நான் வழக்கறிஞர் இல்லை. பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில் ஒரு நடுத்தர பயோடெக் நிறுவனத்தில் சட்டப் பிரிவின் அன்றாட வேலைகளைக் கவனிக்கும் லீகல் ஆபரேஷன்ஸ் பிரிவை நடத்துகிறேன். விஞ்ஞானிகள் அவசரமாகக் கேட்கும் என்டிஏ (ரகசியம் காக்கும் ஒப்பந்தம்), ஆய்வகத்தில் வளர்க்கும் செல் வரிசையோ பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையமோ கைமாறும்போது போடும் எம்டிஏ, ஆய்வுகளை வெளியிலிருந்து செய்து தரும் சிஆர்ஓ நிறுவனங்களுடனான மாஸ்டர் ஒப்பந்தம், மருந்து தயாரித்துத் தரும் ஆலையுடனான ஒப்பந்தம், அப்புறம் மருந்தையோ தொழில்நுட்பத்தையோ பயன்படுத்த உரிமை தரும், எப்போதாவது வரும் பெரிய லைசென்ஸ் எல்லாம் எங்கள் மேசை வழியாகத்தான் போகும்.

அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம் தன் முக்கியமான ஒப்பந்தங்களை எட்கரில் தாக்கல் செய்ய வேண்டும். உள்நாட்டு நிறுவனங்களின் 10-கே (ஆண்டு அறிக்கை), 10-க்யூ (காலாண்டு அறிக்கை), எஸ்-1 (பங்கு வெளியீட்டுக்கான பதிவு) ஆவணங்களில் 10 என்று தொடங்கும் இணைப்புகளைப் பாருங்கள். வெளிநாட்டு நிறுவனங்களின் ஆண்டு அறிக்கையான 20-எஃப் என்றால் 4 என்று தொடங்குபவை. நிறுவனத்தையே வாங்கும் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 2-ஆம் எண்ணில் இருக்கும். சிறிய பயோடெக் நிறுவனத்துக்கு ஒரே ஒரு லைசென்ஸ்தான் உயிர்நாடி என்பதால், அது முழுசாகவே அங்கே வந்துவிடுகிறது. கிரிஸ்பர் தெரப்யூடிக்ஸும் வெர்டெக்ஸும் 2021 ஏப்ரலில் திருத்தி எழுதிய கூட்டு ஒப்பந்தம் அங்கே இருக்கிறது. 90 கோடி டாலர் முன்பணம், லாபத்தில் வெர்டெக்ஸுக்கு 60, கிரிஸ்பருக்கு 40 என்று பிரித்துக்கொண்ட ஒப்பந்தம் அது. அந்தக் கூட்டிலிருந்து வந்த கேஸ்ஜெவி என்ற மரபணுத் திருத்த சிகிச்சைக்கு 2023 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கோவிட் தடுப்பூசிக்காக பயோன்டெக்கும் ஃபைசரும் போட்ட ஒப்பந்தமும் உண்டு.

விலை தெரியாதே என்பார்கள். உண்மைதான். விற்பனையில் உரிமையாளருக்குப் போகும் பங்கான ராயல்டியின் சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் சதுர அடைப்புக்குள் மூன்று நட்சத்திரங்கள்தான் இருக்கும். 2019-இல் விதி மாறிய பிறகு, முன்கூட்டி அனுமதி கேட்காமலேயே நிறுவனங்கள் இப்படி மறைக்கலாம். ஆனால் எங்கள் வேலைக்கு எண்ணை விட ஷரத்துகள் இயங்கும் விதம்தான் முக்கியம், அது பெரும்பாலும் மறைவதில்லை. மருந்து கடைக்கு வரும்வரை எவ்வளவு முயற்சி செய்ய வேண்டும் என்பதை 'கமர்ஷியலி ரீசனபிள் எஃபர்ட்ஸ்' (வணிக ரீதியில் நியாயமான முயற்சி) என்ற வரையறை தீர்மானிக்கிறது. அதை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். தன் அளவுள்ள மற்ற நிறுவனங்கள் செய்வதை அளவுகோலாக வைத்தவர்கள் ஒரு பக்கம், அந்த நிறுவனம் தன் சொந்த மருந்துகளுக்குச் செய்வதையே அளவுகோலாக வைத்தவர்கள் இன்னொரு பக்கம். வழக்கு வரும்போது இந்த வித்தியாசம்தான் கோடிகளைத் தீர்மானிக்கும். காப்புரிமை காலாவதியானால் ராயல்டி குறைகிறதா, மூன்றாம் தரப்புக்குக் கொடுத்த பணத்தைக் கழிக்கலாமா, அதற்கு ஒரு கீழ் வரம்பு உண்டா என்பதெல்லாம், சதவீதம் மறைந்திருந்தாலும், கண்ணுக்கு முன்னால் இருக்கும். பேச்சுவார்த்தையில் எதிர்த்தரப்பு "சந்தையில் யாரும் இதை ஒத்துக்கொள்வதில்லை" என்று சொன்னால், ஒத்துக்கொண்டவர்களின் ஒப்பந்தங்களை எங்கள் வழக்கறிஞர் எடுத்து வைப்பார்.

புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் தரும் முதல் பயிற்சியும் இங்கிருந்துதான். ஒரு லைசென்ஸைக் கொடுத்து, கையெழுத்தான மறுநாளிலிருந்து நாம் என்னென்ன செய்ய வேண்டும் என்று அட்டவணை போடச் சொல்வேன். பணம் தர வேண்டிய கட்டமான மைல்ஸ்டோனை எட்டினால் எத்தனை நாளில் தெரிவிக்க வேண்டும், ஆண்டு அறிக்கை எப்போது, கணக்குத் தணிக்கை உரிமை எத்தனை வருஷம், கூடுதல் உரிமையை எடுத்துக்கொள்ளும் ஆப்ஷன் சாளரம் எந்தத் தேதியில் மூடுகிறது? கையெழுத்தோடு வேலை முடிந்தது என்ற எண்ணம் அந்த ஒரே பயிற்சியில் போய்விடும்.

இன்னொரு உபயோகம் பலருக்குத் தோன்றுவதில்லை. சாஃப்ட்வேர் விற்பனையாளர்கள் டெமோ காட்ட வரும்போது சொந்த ஒப்பந்தங்களைக் கொடுக்க முடியாது, ரகசியக் கடமை இருக்கிறது. அவர்கள் கொண்டுவரும் மாதிரி ஆவணமோ அலுவலக வாடகை ஒப்பந்தம் மாதிரி எளிதாக இருக்கும். எட்கரிலிருந்து ஒரு லைசென்ஸையும் அதன் திருத்தங்களையும் இறக்கிக் கொடுத்துவிடுங்கள். நாங்கள் அப்படிப் பார்த்ததில் ஒரு கருவி எந்த மாநிலச் சட்டம் பொருந்தும் என்பதைச் சரியாகப் பிடித்தது. ஆனால் ராயல்டி காலம் நாட்டுக்கு நாடு, மருந்துக்கு மருந்து தனித்தனியாக ஓடுகிறது என்பதைத் தவறவிட்டு ஒரே தேதியைக் காட்டியது. இரண்டாவது திருத்தம் மாற்றிய ஷரத்தின் பழைய வடிவத்தையே எடுத்துக் கொடுத்தது. அந்தக் கருவியை நாங்கள் வாங்கவில்லை.

இந்திய நிறுவனங்களோடு வேலை செய்பவர்களுக்கும் இது உதவும். பயோகான் அமெரிக்காவில் பட்டியலிட்ட நிறுவனம் இல்லை. ஆனால் 2022-இல் அதன் துணை நிறுவனமான பயோகான் பயாலஜிக்ஸ் வியாட்ரிஸின் பயோசிமிலர் (உயிரியல் மருந்துகளுக்கு இணையான மருந்துகள்) பிரிவை வாங்கிய ஒப்பந்தத்தை, வியாட்ரிஸ் அங்கே பட்டியலிட்ட நிறுவனம் என்பதால், எட்கரில் படிக்கலாம். ஒரு தரப்பு பட்டியலில் இருந்து, அதற்கு அந்த ஒப்பந்தம் முக்கியமானதாகவும் இருந்தால் போதும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முழு உரைத் தேடல் 2001 முதல் தாக்கலானவற்றுக்கு மட்டும்தான். தேதி வரம்பை மாற்றாவிட்டால் கடைசி ஐந்து வருஷத்தைத்தான் காட்டும். ஷரத்து வாரியாக வடிகட்ட வழியே இல்லை. திருத்தங்கள் வேறு வேறு வருஷத் தாக்கல்களில் சிதறிக் கிடக்கும், நாமேதான் கோர்க்க வேண்டும். ஒப்பந்தம் போட்ட செய்தி 8-கே என்ற உடனடி அறிவிப்பு வழியாக நாலு வேலை நாளில் வந்தாலும், ஒப்பந்த நகல் பெரும்பாலும் அடுத்த காலாண்டு அல்லது ஆண்டு அறிக்கையோடுதான் வரும். மருத்துவமனையுடனான மருந்துச் சோதனை ஒப்பந்தம், எம்டிஏ போன்ற அன்றாடக் காகிதங்கள் அநேகமாகக் கிடைக்காது. எம்டிஏவுக்கு அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச் 1995-இல் வெளியிட்ட யுபிஎம்டிஏ படிவத்தையும், சோதனை ஒப்பந்தத்துக்கு ஏசிடிஏ என்ற பொது மாதிரியையும் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் இலவசம்.

உங்கள் நிறுவனமும் தாக்கல் செய்கிறது என்றால் மறைப்பு வேலையில் கவனம் வேண்டும். 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் அஸ்ட்ராசெனகாவின் கோவிட் தடுப்பூசி ஒப்பந்தத்தை வெளியிட்டபோது, கறுப்படித்த சில பகுதிகளை பிடிஎஃப்பின் புக்மார்க் வழியாகவே படிக்க முடிந்தது. எங்கள் குழுவில் மறைத்தவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர். நகலெடுத்து ஒட்டிப் பார்த்து, புக்மார்க்கையும் திறந்து பார்த்த பிறகுதான் கோப்பு வெளியே போகும்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். திருத்தங்களைத் தாய் ஒப்பந்தத்தோடு இணைத்துக் காட்டும் வசதி வந்தால் மீதி அரையையும் கொடுத்துவிடுவேன். புதிதாக ஆரம்பிப்பவர்கள் உங்கள் நிறுவனத்தைப் போன்ற மூன்று நிறுவனங்களின் கடைசி 10-கேயை எடுத்து, இணைப்புப் பட்டியலில் 10-இல் தொடங்கும் வரிகளை மட்டும் படியுங்கள். யார் யாரோடு கைகோத்திருக்கிறார்கள் என்பது அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.