முகவாய் முடிக்கு இரண்டரை ஆண்டு லேசர்: நான் சொல்லாமல் விட்ட குளியல் பொடி

எனக்குச் சினைப்பை நீர்க்கட்டி இருக்கிறது. 26 வயதிலிருந்தே முகவாயிலும் தாடை ஓரத்திலும் கருகருவென்று முடி. வாரம் இருமுறை நூல் போட்டு எடுத்துத் தோல் தடித்துப்போன பிறகுதான் லேசருக்குத் துணிந்தேன். மதுரையில் இரண்டு இடங்களில், இரண்டரை ஆண்டுகளில் 11 முறை செய்துகொண்டேன். முடி முழுதாகப் போகவில்லை. பத்தில் எட்டுப் பங்கு குறைந்திருக்கிறது, மிச்சம் பூனைமுடியாக வருகிறது. நான்கு மாதத்துக்கு ஒருமுறை இன்னும் போய்வருகிறேன். ஹார்மோன் கோளாறு உள்ளவரை இப்படித்தான் என்று தோல் மருத்துவர் முன்பே சொல்லிவிட்டதால் எனக்கு அதில் குறையில்லை.

இதை எழுதுவது, மூன்றாவது முறை போனபோது நடந்ததற்காக.

முதலில் போனது ஓர் அழகு நிலையம். அங்கே இருந்தது லேசர்கூட இல்லை, ஐபிஎல் எனப்படும் ஒளிக்கருவி. ஒரே அலைநீளமாக இல்லாமல் பல அலைநீள ஒளியைச் சேர்த்துப் பாய்ச்சுவது. படிவத்தில் ‘மருந்து ஏதேனும் உட்கொள்கிறீர்களா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதினேன். அந்த நாட்களில் அத்தை அரைத்துக் கொடுத்த குளியல் பொடியை எலுமிச்சைச் சாற்றில் குழைத்து, முகவாயில் அரைமணி நேரம் பூசி வைத்திருப்பேன். பாசிப்பயறு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, கார்போகரிசி. பூசினால் முடி மட்டுப்படும் என்று நம்பினேன். கழுவிய கையோடு ஸ்கூட்டரில் வேலைக்குக் கிளம்பிவிடுவேன். சித்திரை வெயில் நேராக முகத்தில் விழும்.

ஒவ்வொரு முறை ஒளி பாயும்போதும் ரப்பர் பேண்டை இழுத்துவிட்டதுபோல் சுரீரென்று இருக்கும், அது வழக்கம்தான். அந்த மூன்றாவது முறை எரிச்சல் அடங்கவே இல்லை. இரவு கண்ணாடியில் பார்த்தால், கருவியின் முனை பட்ட இடமெல்லாம் தீப்பெட்டி அளவுக்குச் சிவந்த கட்டங்கள். விடிந்தபோது இரண்டில் கொப்புளம். ஒரு வாரத்தில் பொருக்கு உதிர்ந்தது, அடியில் வறுத்த காப்பிக்கொட்டை நிறம். அது மங்க ஏழு மாதம் ஆயிற்று. அத்தனை நாளும் துப்பட்டாவைத் தாடைவரை இழுத்துவிட்டுக்கொண்டுதான் வெளியே போனேன்.

தோல் மருத்துவரிடம் போனபோது அத்தையும் உடன் வந்தார். முகத்தில் என்ன பூசுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டதும், “மருந்தெல்லாம் ஒன்றும் இல்லைங்க டாக்டர், வெறும் மாவுதான்” என்றார் அத்தை. மருத்துவர் விடவில்லை, சாமான்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். கார்போகரிசி வந்ததும் நிறுத்தி, “அம்மா, வெண்புள்ளிக்கு இதைப் பூசிக்கொண்டு வெயிலில் நிற்கச் சொல்வார்களே, எதற்கு?” என்று கேட்டார். “தோல் கறுக்கத்தான்” என்று சொன்ன அத்தை அதற்குமேல் பேசவில்லை.

அந்த விதையில் சோராலென் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதா ‘ஏ’ கதிர், அதாவது 320 முதல் 400 நானோமீட்டர் வரையிலானது, பட்டால் சோராலென் தோலைச் சுடும், கறுக்க வைக்கும். சோராலெனைக் கொடுத்து அந்தக் கதிரைப் பாய்ச்சும் சிகிச்சை 1970களிலிருந்து சொரியாசிஸுக்கும் இருக்கிறது. எலுமிச்சையிலும் இதே இனப் பொருள் உண்டு, பழத்தோலில் அதிகம். பிழியும்போது சாற்றோடு இறங்கிவிடும். பாதிப்பு ஓரிரு நாள் கழித்தே தெரிவதால் பொடியின் மேல் சந்தேகமே வராது.

ஐபிஎல்லின் ஒளி அந்தக் கதிரின் எல்லைக்கு அப்பாற்பட்டது. பொடி நேராக அதனோடு வினைபுரிவதில்லை. ஆனால் பொடியும் வெயிலும் சேர்ந்து தோலைக் கறுக்க வைத்து, உள்ளே புண்படுத்தியும் வைத்திருந்தன. முடியின் கறுப்பைத் தேடி வரும் ஒளிக்குத் தோலின் கறுப்பும் ஒன்றுதான், அதனால் வேருக்குப் போக வேண்டிய சூடு மேலேயே தங்கிவிட்டது. கருவியில் வைத்த ஒளியின் அளவும் நம் நிறத்துக்குக் கூடுதல் என்றார் மருத்துவர். அளவு அவர்கள் பிழை, பொடியைச் சொல்லாதது என் பிழை.

தழும்பு மறைந்த பிறகு அவரிடமே 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர். தோலுக்கும் முடிக்கும் கறுப்பு தரும் மெலனின் இந்த ஒளியைக் குறைவாகவே உறிஞ்சும், ஒளி ஆழமாக இறங்கும், ஆகவே கருந்தோலுக்கு இதுவே பாதுகாப்பு. தாடைக்கு அடியில் ஒரு புள்ளியில் மட்டும் சோதித்து, ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினார். இடையில் பருவுக்கு டாக்சிசைக்ளின் சாப்பிட்டேன். வெயில் தாங்காமல் செய்யும் மாத்திரை என்பதால் இரண்டு வாரம் தள்ளிப்போட்டார். கடும் பருவுக்கான ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிட்டவர்களை முன்பு ஆறு மாதம் காக்க வைப்பார்கள். முடி நீக்கும் லேசருக்கு அப்படிக் காக்க வைக்கப் போதிய சான்று இல்லை என்று 2017இல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் கூறியிருக்கிறார்கள். அதையும் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். மூட்டுவாதத்துக்கு எப்போதோ தங்கம் சேர்ந்த மருந்து ஊசி போட்டவர்கள் அதை அவசியம் சொல்ல வேண்டும். மங்கு, குத்திய பச்சை போன்றவற்றை நீக்குவதற்கான க்யூ-ஸ்விட்ச் லேசர் பட்டால், பல ஆண்டு கழித்தும் அந்த இடம் உடனே நீலம் பாரித்துவிடும்.

மூட்டுவலிக்குத் தேய்க்கும் கீட்டோபுரோஃபென் ஜெல்லையும் படிவத்தில் எழுதிக் கொடுங்கள், அதுவும் வெயில் தாங்காமல் செய்யும். அத்தையின் ரத்த அழுத்த மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்த மருத்துவர், ஹைட்ரோகுளோரோதையாசைடு என்ற வரியைக் காட்டி, இதுவும் வெயிலுக்கு ஆகாத மருந்துதான், மாத்திரையை நிறுத்தாதீர்கள், குடை எடுத்துப் போங்கள் என்றார். எடுத்துப் போகிறார். எனக்கு இப்போது தனியாக அரைத்துத் தருகிறார், டப்பா மூடியில் ‘கார்போகரிசி இல்லை’ என்று பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறது.