மதுரை விமான நிலையம் முதல் அரிச்சல்முனை வரை: வாடகைக்கு ஒரு மின்சாரக் கார்

இராமநாதபுரத்தில் வாடகைக் கார் ஓட்டுபவனுக்கு நல்ல காசு தரும் சவாரிகள் இரண்டு. ஒன்று, மதுரை விமான நிலையத்தில் இறங்கி இராமேசுவரமும் தனுஷ்கோடியும் பார்க்க வரும் வடநாட்டுக் குடும்பங்கள். மற்றொன்று, வளைகுடாவுக்குப் போய்வரும் கீழக்கரைக் குடும்பங்கள். இருவரும் கேட்பது இன்னோவாதான். அதைக் கேட்பவர் முன்னால் பச்சை நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து போட்ட மின்சார வாடகை வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவதென்றால், ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவருக்கு இன்னோவா மறந்துபோக வேண்டும். நான் வாங்கி ஓட்டுவது ஏழு பேர் உட்காரும் கியா காரென்ஸ் கிளாவிஸின் மின்சார வடிவம், 51.4 யூனிட் பேட்டரி.

பேட்டரிக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து காலியாக மதுரைக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர். அங்கே ஆள் ஏற்றி இராமேசுவரம் சேர இன்னும் 175. மொத்தம் 295. இதே காரில் 42 யூனிட் பேட்டரி கொண்டதும் இருக்கிறது. ஒரு முழுச் சார்ஜில் அது ஓடும் என்று நிறுவனம் சொல்லும் தூரம் 404. பெரியதற்கு 490. முழு ஆள், முழு ஏ.சி., எண்பது தொண்ணூறு வேகம் என்றால் சொன்னதில் முக்கால் பங்குதான் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறியதில் 300 தேறும். 295 ஓட வேண்டிய இடத்தில் 300. பரமக்குடி தாண்டியதும் ஓட்டுநருக்கு வியர்க்கும். அதிலும் ஆடிக் காற்று நேரத்தில் உச்சிப்புளிக்குக் கிழக்கே வண்டியைக் காற்று பிடித்து அழுத்தும். திரையில் காட்டும் மீதித் தூரம் கண்முன்னே கரையும். விலை கூடினாலும் பெரிய பேட்டரியே எடுத்தேன். 2025 ஜூலையில் அறிமுகமானபோது அது 22.49 லட்சத்தில் தொடங்கியது.

வழியில் ஏற்றிக்கொள்ளலாமே என்பார்கள். பத்து சதவீதத்திலிருந்து எண்பது சதவீதம் வர 39 நிமிடம் என்று விளம்பரத்தில் இருக்கிறது. அது 100 கிலோவாட் சார்ஜருக்கு. 30 கிலோவாட்தான் கிடைக்கிறது என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல். பலகையில் 60 என்று எழுதியிருந்தாலும் பக்கத்தில் இன்னொரு வண்டி வந்து நின்றால் பாதியாகிவிடுகிற இயந்திரங்கள் உண்டு. விமானத்தைப் பிடிக்கப் போகும் பயணியை வைத்துக்கொண்டு அந்தச் சூதாட்டம் கூடாது. வீட்டில் மும்முனை இணைப்பும் இரவு முழுக்கச் சார்ஜும் இல்லாதவர் இந்தத் தொழிலுக்கு மின்சாரக் கார் வாங்கவே வேண்டாம்.

இனி, இந்த வண்டி இன்னோவாவை வெல்லும் இடம். இராமேசுவரம் கோயிலில் 22 தீர்த்தமும் ஆடி, தரிசனம் முடித்து வர மணிக்கணக்காகும். நடக்க முடியாத பாட்டி காரிலேயே உட்கார்ந்திருப்பார். டீசல் வண்டி என்றால் எஞ்சினை உறுமவிட்டு ஏ.சி. போட வேண்டும், அல்லது கண்ணாடியை இறக்கிப் புழுங்க வேண்டும். இதில் சத்தமில்லை, புகையில்லை. மணிக்கு ஒன்றிரண்டு யூனிட் போகும், அவ்வளவுதான். பாட்டி தூங்கியே விடுகிறார். காரிலிருந்தே மின்சாரம் எடுக்கலாம் என்பதால் அரிச்சல்முனையில் கைக்குழந்தைக்குப் பாலைக்கூடச் சூடாக்கிக் கொடுக்க முடிகிறது. காசு கூடக் கேட்டாலும் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறார்கள் என்றால் இதற்காகத்தான். திரை எத்தனை அங்குலம் என்று என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை.

ஒன்றில் கவனம் வேண்டும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மின்சாரக் கார் தானே பிடித்து இழுக்கும். ஓட்டுபவனுக்குச் சுகம், பின்னால் இருப்பவருக்குக் குமட்டல். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் சிறு பட்டைகளால் அந்த இழுவையைக் குறைத்துக்கொள்ளலாம். பயணி இருக்கும்போது குறைத்தே ஓட்டுங்கள்.

குறை டிக்கிதான். மூன்றாம் வரிசை இருக்கை நிமிர்ந்திருந்தால் 216 லிட்டர். நான்கைந்து பைகளோடு கதை முடிந்தது. துபாயிலிருந்து வருகிறவர், "தம்பி, பெட்டியெல்லாம் ஏறிவிடும்தானே?" என்று கேட்கும்போதே கடைசி வரிசையை மடக்கிவிடுகிறேன். அப்புறம் இது ஐந்து பேர் வண்டி. மேலே கேரியர் கட்டினால் காற்று தடுத்துத் தூரம் குறையும். ஐந்து பேர் போதும் என்பவர் எம்.ஜி. விண்ட்சர் மின்சாரக் காரைப் பார்க்கலாம்: 604 லிட்டர் டிக்கி, 135 பாகை சாயும் பின்னிருக்கை. ஆனால் அதன் பேட்டரியை மட்டும் வாடகைக்கு எடுக்கும் திட்டம் நமக்கு ஆகாது. 2024-இல் அறிமுகமானபோது கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய். நாளைக்கு 300 ஓடினால் ஆயிரத்து ஐம்பது. அதற்கு மேல் மின்சாரச் செலவு வேறு. பேட்டரியோடு சேர்த்தே வாங்குங்கள். பி.ஒய்.டி. ஈமேக்ஸ் 7 என்ற மின்சாரக் கார்தான் எனக்கு உண்மையில் பிடித்தது. அதன் பேட்டரி தினமும் முழுதாகச் சார்ஜ் போட்டாலும் பெரிதாகச் சலிக்காத வகை. 26.90 லட்சத்தில் தொடங்கிய விலைதான் தடுத்தது.

கடற்கரைக்காரர்களுக்கு ஒன்று: தனுஷ்கோடி போய்வந்த அன்றே வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவுங்கள், அதுவும் நல்ல தண்ணீரில். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரை அடித்துவிட்டுக் கழுவியாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். தீர்த்தமாடி ஈரத்தோடு ஏறுகிறவர்களுக்காக இருக்கைமேல் விரிக்கத் துண்டுகளும் வேண்டும்.

பேட்டரி உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். சொந்தக் கார்க்காரர் முதல் எண்ணைப் பார்க்கிறார், நாம் பார்க்க வேண்டியது இரண்டாவது. மாதம் ஐயாயிரம் ஓடினால் மூன்று வருடத்துக்குள் முடிந்துவிடும். வாடகைப் பதிவுக்கும் அதே உத்தரவாதம்தானா என்று எந்த நிறுவனமானாலும் எழுத்தில் கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் அண்ணே" என்று விற்பனையாளர் சொன்னால், தாள் கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.