பிரேக் சத்தம் நின்றது, பிரேக்கும் நின்றது: காரைக்குடி பக்கம் வண்டி விடுகிறவர்கள் கவனத்துக்கு

நுகர்வோர் புகார் கொடுத்திருப்பதால் ஒர்க் ஷாப் பெயரைப் போடவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் ஓர் உயிர் போயிருக்கும்.

கானாடுகாத்தான் பக்கம் எங்கள் தோப்பில் உரமூட்டை, தீவனம் எல்லாம் சுமப்பது ஓர் ஏடிவி, அதாவது பைக் மாதிரி ஹேண்டில் வைத்த நாலு சக்கர வண்டி. கை லீவர் முன் பிரேக், கால் பெடல் பின் பிரேக். நம்ம ஊர் செம்மண் புழுதி பின்னால் இருக்கிற டிஸ்க்கில்தான் நேராகப் போய் அப்பும். பெடலை மிதித்தாலே கீச்சென்று கத்த ஆரம்பித்தது. ரோட்டில் ஓட்டப் பதிவு இல்லாத வண்டி, அதனால் குட்டியானையில் ஏற்றிக் காரைக்குடிக்கு அனுப்பினோம்.

மறுநாள் வண்டி வந்தது. சத்தம் சுத்தமாக இல்லை. பில்லில் "பின் பிரேக் பேட் 1 செட், லேபர்" என்று சேர்த்து 3,800 ரூபாய்.

தோப்பு வேலை பார்க்கிற தம்பி மூட்டை ஏற்றிக்கொண்டு கண்மாய்க் கரைச் சரிவில் இறங்கினான். பெடல் முழுக்க இறங்கியும் வண்டி நிற்கவில்லை. முன் பிரேக்கை மட்டும் சரளையில் அழுத்திப் பிடித்தால் வண்டி குப்புறப் போகும் என்று தெரிந்தவன், மெல்லப் பிடித்துக்கொண்டே கருவேலம் புதரில் விட்டு நிறுத்தினான். முழங்கை முழுக்க முள் கிழிசல். அவன் வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

சாயங்காலமே பின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தோம். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பேட்டின் முகத்தில் கறுப்பாக ஒரு பசை, விரலை வைத்தால் வழுக்கியது. கருகிய கிரீஸ் வாடை. துணியால் துடைத்ததும் கீழே உப்புத்தாள் தேய்த்த கீறல்கள். ஒரு மூலை உடைந்திருந்தது. கடைக்கு அனுப்புமுன் எடுத்த போட்டோவிலும் அதே மூலை அதே மாதிரி உடைந்திருக்கிறது. புதுப் பேட் போடவே இல்லை. பழசைத் தேய்த்து, உரசுகிற முகத்திலேயே கிரீஸ் தடவி மாட்டியிருக்கிறார்கள்.

இது ஏமாற்று என்பதை விட ஆபத்து என்பதுதான் எனக்குப் பெரிசு. டிஸ்க்கைப் பிடிக்கும்போது பேட் அதிர்வதுதான் அந்தக் கீச்சு. புழுதி ஒட்டியிருக்கலாம், பேட் முகம் கண்ணாடி மாதிரி வழவழத்திருக்கலாம், பேட்டைப் பிடித்திருக்கிற கவ்வியான காலிப்பர் நகர்கிற கம்பி (ஸ்லைடு பின்) துருப்பிடித்து இறுகியிருக்கலாம், பேட் தேய்ந்து தகடே உரசலாம். காலைப் பனி ஈரத்தில் வருகிற சத்தம் இரண்டு மிதியில் தானாகவே போய்விடும். மற்றதற்குக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்: பிரேக் கிளீனர் அடித்துத் துடைப்பது, வழவழப்பை லேசாகத் தேய்ப்பது, சூடு தாங்குகிற பிரேக் கிரீஸை ஸ்லைடு பின்னிலும் பேட்டின் முதுகுத் தகட்டிலும் மட்டும் மெல்லிசாகப் பூசுவது. உரசுகிற முகத்தில் ஒரு சொட்டு எண்ணெய் கூடப் படக்கூடாது. கிரீஸ் குடித்த பேட்டைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது, தூக்கிப்போட வேண்டியதுதான். டிஸ்க்கையும் கழுவியாக வேண்டும்.

கடையில் போய்க் கேட்டேன். "சத்தம் போகணும்னுதானே அண்ணே சொன்னீங்க, போயிருச்சுல்ல? எல்லா வண்டிக்கும் இப்படித்தான் போடுவோம், யாரும் வந்து கேட்டதில்லையே" என்றார். எல்லா வண்டிக்கும்! அதைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அங்கே வருவதில் முக்கால்வாசி பைக். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற வண்டிகள்.

காரைக்குடி, பள்ளத்தூர், தேவகோட்டை சுற்றி அண்மையில் பிரேக் வேலை பார்த்தவர்கள், சத்தம் திடீரென்று மாயமாகி மிதி மந்தமாக இருந்தால் இன்றைக்கே வேறு மெக்கானிக்கிடம் கழற்றிக் காட்டுங்கள். வேலைக்கு விடும்போதே "கழட்டின பேட்டைக் கையில் குடுங்க" என்று சொல்லிவிடுங்கள். அனுப்புமுன் ஒரு போட்டோ. புதுப் பேட் மாட்டினால் சரிவில் இறங்காமல் சமதரையில் மெதுவாகப் பலமுறை பிடித்துப் பழக்குங்கள், முதலில் பிடிப்பு குறைவாகத்தான் இருக்கும்.

பில் இருந்தால் 1915 எண்ணில் நுகர்வோர் உதவி மையத்துக்குப் பேசலாம். 2019 சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இதே மாதிரி உங்களுக்கும் நடந்திருந்தால் பில்லோடு எனக்குத் தகவல் அனுப்புங்கள், சேர்ந்தே கொடுப்போம்.