சான்றிதழா, ஆய்வகமா, நெறிமுறையா? வலையமைப்புப் பொறியாளர்களுக்கு இணையவழிக் குரல் தொலைபேசி கற்பிக்கும் வழிகள்

வலையமைப்புத் துறையில் பல ஆண்டுகள் பழகிய பொறியாளரிடம் இணையவழித் தொலைபேசியை ஒப்படைக்கும்போது முதலில் குறுக்கே நிற்பது அவருடைய அனுபவமேதான். கோப்பு ஒன்றை இறக்கும்போது ஒரு பாக்கெட் (தரவின் சிறு பொட்டலம்) தொலைந்தால், தரவைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்கும் டிசிபி என்ற ஏற்பாடு அதை மறுபடியும் கேட்டு வாங்கிக்கொள்ளும். பயனர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார். குரலிலோ வழக்கமாக 20 மில்லிவினாடிக்கு ஒரு பாக்கெட் போய்க்கொண்டே இருக்க வேண்டும்; தொலைந்ததைத் திரும்பக் கேட்க நேரமில்லை, பிந்தி வந்ததும் தொலைந்ததற்குச் சமம். "பிங் போகிறது, ஆகவே நெட்வொர்க் சரியாக இருக்கிறது" என்று, எதிர்முனை பதில் தருகிறதா என்று மட்டும் பார்க்கும் பிங் சோதனையை நம்பிச் சொல்லிப் பழகிய வாய்க்கு இது எளிதில் பிடிபடுவதில்லை. எனவே எந்தப் பயிற்சியை எடைபோட்டாலும், அது எவ்வளவு புதிதாகச் சொல்லித் தருகிறது என்பதோடு, பழைய பழக்கத்தை எவ்வளவு அசைக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நடைமுறையில் மூன்று வழிகள் போட்டியில் இருக்கின்றன. உற்பத்தி நிறுவனம் நடத்தும் சான்றிதழ்ப் பாடத்திட்டம் ஒன்று; திறந்த மூல மென்பொருளைக் கொண்டு சொந்தமாக ஆய்வகம் அமைத்துக் கற்பது இன்னொன்று; எந்த நிறுவனத்தின் கருவியையும் சாராமல், கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் விதிகளான நெறிமுறைகளையும், வலையமைப்பில் ஓடும்போது பிடித்துவைத்த பாக்கெட்டுகளையும் மையமாக வைத்து நடத்தும் வகுப்பு மூன்றாவது. ரௌட்டிங், சுவிட்சிங், ஃபயர்வால் ஆகியவை ஏற்கெனவே கைவந்த, ஆனால் தொலைபேசித் துறையில் கால்வைக்காத ஒருவரை மனத்தில் வைத்தே இவற்றை ஒப்பிடுகிறேன்.

நிறுவனச் சான்றிதழுக்கு, வலையமைப்புக் கருவிகள் செய்யும் சிஸ்கோவின் பாதையை எடுத்துக்கொள்ளலாம். அங்கே முன்பு சிசிஎன்ஏ வாய்ஸ் என்று ஒரு தொடக்கநிலைச் சான்றிதழ் இருந்தது. அதன் இடத்துக்கு சிசிஎன்ஏ கொலாபரேஷன் வந்தது. 2020 பிப்ரவரியில் அந்நிறுவனம் தன் சான்றிதழ்களை மாற்றியமைத்தபோது அதுவும் நின்றுபோனது. இப்போது குரல் பக்கம் வர விரும்புபவர் 350-801 என்ற எண்ணுள்ள மையத் தேர்வையும் விருப்பத் தேர்வு ஒன்றையும் எழுதி நேராகச் சிசிஎன்பி கொலாபரேஷன் என்ற இடைநிலையில்தான் நுழைய வேண்டியிருக்கிறது. அதற்கு மேல் எட்டு மணி நேரச் செய்முறைத் தேர்வுடன் சிசிஐஇ என்ற உயர்நிலைச் சான்றிதழ் இருக்கிறது. பாடங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதும், வேலைக்கு எடுப்பவர் ஒரே பார்வையில் புரிந்துகொள்ளும் தாள் கையில் கிடைப்பதும் இப்பாதையின் வெளிப்படையான நன்மைகள். ஆனால் அதன் உண்மையான பலம் வேறு. பல கிளைகளில் பரவிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான தொலைபேசிகளுக்கு எண் திட்டம் வகுப்பது, தலைமையகத்துடனான இணைப்பு அறுந்தால் கிளை தன்னந்தனியாக எப்படிப் பிழைக்கும் என்று முன்கூட்டியே யோசிப்பது, எந்தக் கிளைக்கும் எந்தக் கிளைக்கும் இடையில் எந்தக் கோடெக் (குரலை இலக்கத் தரவாக மாற்றும் முறை) ஓட வேண்டும் என்று விதிப்பது போன்ற பெரிய அமைப்புகளுக்கே உரிய சிக்கல்களை, மற்ற இரண்டு வழிகளிலும் வருபவர் பெரும்பாலும் எதிர்கொள்வதே இல்லை.

குறை என்னவென்றால், அறிவில் கணிசமான பங்கு அந்தக் கருவியின் திரையோடு ஒட்டிக்கொண்டுவிடுகிறது. யார் யாரை அழைக்கலாம் என்ற எளிய கேள்விக்கு அங்கே பார்டிஷன் (எண்களின் தொகுப்பு), காலிங் சர்ச் ஸ்பேஸ் (அழைப்பவர் தேடக்கூடிய தொகுப்புகளின் பட்டியல்) என்ற இரண்டு கருத்துகள் வழியாக விடை சொல்லக் கற்றவர், வேறொரு நிறுவனத்தின் அமைப்புக்கு முன்னால் உட்கார்ந்ததும் அந்தச் சொற்களைத் தேடித் தவிக்கிறார். ஒரு காலத்தில் மாணவர்கள் அந்நிறுவனத்துக்கே உரிய ஸ்கின்னி என்ற தொலைபேசி நெறிமுறைக்கும் நேரம் செலவிட்டார்கள். அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் உதவும் பொதுத் தரமான சிப் நெறிமுறை பரவிய பிறகு அந்த உழைப்புக்கு மதிப்புக் குறைந்துவிட்டது.

திறந்த மூல ஆய்வகத்தின் கதை வேறு. 1999இல் மார்க் ஸ்பென்சர் தொடங்கிய ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி இணைப்பக மென்பொருள், அதன் பிறகு வந்த அதே வகையான ஃப்ரீசுவிட்ச், சிப் செய்திகளை வேகமாக வழிப்படுத்தும் கமைலியோ ஆகிய மூன்றையும் செலவில்லாமல் நிறுவலாம். ஒரு மடிக்கணினி, இரண்டு மெய்நிகர் இயந்திரங்கள், இரண்டு மென்தொலைபேசிகள் (கணினியில் இயங்கும் தொலைபேசி மென்பொருள்) இருந்தால் அன்று மாலைக்குள் முதல் மணி அடித்துவிடும். எல்லாமே உரைக் கோப்புகளில் இருப்பதால், எந்த வரியை மாற்றினால் எது மாறுகிறது என்பதைக் கண்ணால் காணலாம். திரைக்குப் பின்னால் எதுவும் ஒளிந்திருப்பதில்லை. பழுதாகிவிடுமோ என்ற அச்சம் இல்லாமல் கற்பவர் கைவைப்பது இங்கேதான்.

இவ்வழியில் இரண்டு பள்ளங்கள் உண்டு. முதலாவது, காலாவதியான குறிப்புகள். ஆஸ்டரிஸ்க்கில் நெடுங்காலம் சிப் தொலைபேசிகளைக் கையாண்ட பழைய தொகுதி 2023இல் வந்த 21ஆம் பதிப்பில் நீக்கப்பட்டு, பிஜேசிப் தொகுதி மட்டுமே எஞ்சியது. ஆனால் இணையத்தில் தேடினால் கிடைக்கும் பயிற்சிக் குறிப்புகளில் பல இன்னமும் பழைய கோப்பையே திருத்தச் சொல்கின்றன. இரண்டாவது இதைவிட ஆழமானது: ஒரே சுவிட்சில் செருகிய இரண்டு தொலைபேசிகளுக்கு நடுவில் தாமதம் இல்லை, இழப்பு இல்லை, உள்முகவரியை வெளிமுகவரியாக மாற்றும் நாட் இல்லை. அங்கே எல்லாம் வேலை செய்யும். அதனால் அங்கே எதையும் கற்றுக்கொள்ள முடியாது. பயிற்றுநர் நடுவில் ஒரு லினக்ஸ் இயந்திரத்தை ரௌட்டராக நிறுத்தி, அதில் உள்ள நெட்எம் வசதியால் 200 மில்லிவினாடித் தாமதத்தையும் மூன்று விழுக்காடு இழப்பையும் புகுத்த வேண்டும். அப்போதுதான், ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருப்பது நல்லது என்று ஐடியு என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் ஜி.114 பரிந்துரை ஏன் சொல்கிறது என்பதைக் கற்பவரின் காதே அவருக்குச் சொல்லும்: இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள், இருவரும் நிறுத்துவார்கள், மறுபடியும் ஒன்றாகத் தொடங்குவார்கள்.

அந்த ரௌட்டரில் நாட் வசதியையும் இயக்கிவிட்டால் ஆய்வகம் உயிர் பெற்றுவிடும். தொலைபேசி மணி அடிக்கும், எடுக்கலாம், ஆனால் ஒரு பக்கம் மட்டுமே கேட்கும். அழைப்புச் செய்தியின் உடலில் இருக்கும் எஸ்டிபி பகுதியில் "குரலை இந்த முகவரிக்கு அனுப்பு" என்று 192.168 எனத் தொடங்கும் உள்முகவரி எழுதப்பட்டிருக்கும். எதிர்முனை அதை நம்பி, போய்ச்சேர வழியே இல்லாத முகவரிக்குக் குரலைச் சுமக்கும் ஆர்டிபி பாக்கெட்டுகளைக் கொட்டிக்கொண்டிருக்கும். பாக்கெட்டின் தலைப்பில் உள்ள முகவரியை மட்டும் பார்த்துப் பழகிய பொறியாளர், செய்தியின் வயிற்றுக்குள்ளும் ஒரு முகவரி உண்டு என்பதை இந்த இடத்தில் ஒருமுறை கண்டுவிட்டால் பிறகு மறப்பதில்லை. (சிப் செய்திகள் வந்துசேரும், ஆய்வக இயந்திரத்தின் 5060ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவைத்து மறந்துவிடுபவருக்கு, கடவுச்சொல்லை ஊகிக்க முயலும் அந்நியர்களின் வரிகள், நிகழ்வுகளைப் பதியும் லாக் கோப்பை நிரப்பி, பாதுகாப்புப் பாடத்தை யாரும் கேட்காமலேயே நடத்திவிடும்.)

மூன்றாம் வழியான நெறிமுறை வகுப்பின் அடித்தளம் 2002 ஜூனில் வெளியான ஆர்எஃப்சி 3261. சிப் நெறிமுறையை வரையறுக்கும் இந்த ஆவணம் 269 பக்கங்கள் கொண்டது. அதை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கச் சொல்லும் பயிற்றுநர் வகுப்பைத் தூங்கவைத்துவிடுவார். நன்றாக நடத்துபவர் செய்வது தலைகீழானது: முதலில், பாக்கெட்டுகளைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் ஓர் அழைப்பைத் திறந்து காட்டுவார், கேள்வி எழுந்த பிறகுதான் ஆவணத்தின் உரிய பக்கத்துக்குப் போவார்.

மூன்று வழிகளுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே பழுதை வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. இரண்டு பக்கமும் தெளிவாகக் கேட்கும் அழைப்பு, எடுத்துச் சுமார் 32 நொடிகளானதும் ஒவ்வொரு முறையும் அறுந்துபோகிறது என்று புகார் வருகிறது. சான்றிதழ்ப் பாதையில் வந்தவர் நிர்வாகத் திரையைத் திறந்து, வெளி அழைப்புகளைக் கொண்டுசெல்லும் டிரங்க் இணைப்பின் அமைப்புகளை, வேலை செய்யும் இன்னொரு டிரங்க்கோடு ஒப்பிட்டு, வித்தியாசம் தெரியாவிட்டால் நிறுவனத்தின் உதவிப் பிரிவில் புகார் பதிவார். ஆய்வகத்தில் வளர்ந்தவர், "இது நாட் கோளாறு, வெளிமுகவரியை எழுதினால் சரியாகும்" என்று நினைவிலிருந்து ஒரு வரியைச் சேர்ப்பார். பெரும்பாலும் சரியாகியும்விடும், ஆனால் ஏன் சரியானது என்று கேட்டால் விழிப்பார். நெறிமுறை வகுப்பில் பயின்றவர் 32 என்ற எண்ணைக் கேட்டதுமே நிமிர்ந்து உட்காருவார். ஏனென்றால் சிப் நெறிமுறையில் டி1 என்ற அடிப்படைக் கால அளவு அரை நொடி. அதன் 64 மடங்கு 32 நொடி. அழைப்பை எடுத்த முனை 200 ஓகே என்ற ஏற்புச் செய்தியை அனுப்பிவிட்டு, அதற்கு ஆக் என்ற ஒப்புகை வரும்வரை காத்திருக்கிறது. வரவில்லையென்றால் அதே 200 ஓகேயை அரை நொடி, ஒரு நொடி, இரண்டு நொடி, பிறகு நான்கு நான்கு நொடி இடைவெளிகளில் மறுபடி அனுப்பிப் பார்க்கிறது. 32 நொடி முடிந்ததும் நம்பிக்கை இழந்து பை செய்தி அனுப்பி அழைப்பை முடித்துக்கொள்கிறது. பாக்கெட் பதிவில் ஒரே செய்தி 11 முறைவரை வரிசைகட்டி நிற்பதைப் பார்த்தால் வேறு சாட்சி தேவையில்லை. குரல் தனிவழியில் போவதால் அது பாதிக்கப்படவில்லை. எங்கோ, அடுத்த செய்திகளை எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்லும் கான்டாக்ட் வரியில் தவறான முகவரி இருப்பதால் ஒப்புகை மட்டும் வழிதவறுகிறது.

இதை மட்டும் வைத்து நெறிமுறை வகுப்புக்கு மாலை சூட்டிவிட முடியாது. வேறொரு சிக்கலை எடுத்துக்கொள்வோம்: ஒரு கிளைக்கு 2 எம்பிபிஎஸ் இணைப்புதான் இருக்கிறது, எத்தனை அழைப்புகளைத் தாங்கும்? ஜி.711 கோடெக் 20 மில்லிவினாடிக்கு 160 பைட் குரலைத் தருகிறது. ஐபி, யுடிபி, ஆர்டிபி தலைப்புகள் 40 பைட். வினாடிக்கு 50 பாக்கெட் என்றால் ஒரு திசையில் 80 கேபிபிஎஸ். ஜி.729 என்றால் குரல் வெறும் 20 பைட், மொத்தம் 24 கேபிபிஎஸ். குரலைவிடத் தலைப்புகள் இருமடங்கு கனம். இணைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், குரலை முந்தி அனுப்பும் முன்னுரிமை வரிசைக்குத் தர வேண்டாம் என்ற வழக்கமான பரிந்துரையைப் பின்பற்றினால், முதலாவதில் எட்டு அழைப்புகளும் இரண்டாவதில் 27 அழைப்புகளும் அடங்கும். இந்தக் கணக்கை நெறிமுறை மாணவர் நொடியில் போட்டுவிடுவார். ஆனால் ஒன்பதாவது அழைப்பு வந்தால் என்ன ஆகும்? வரிசையின் அளவு நிரம்பியதும் ரௌட்டர் பாக்கெட்டுகளைக் கைவிடத் தொடங்கும். எது எந்த அழைப்பினுடையது என்று அது பார்ப்பதில்லை. ஆகவே ஒன்பது பேருக்கும் குரல் உடையும். அந்த ஒன்பதாவது அழைப்பை வாசலிலேயே நிறுத்துவதோ வேறு பாதையில் திருப்பிவிடுவதோ வடிவமைப்புச் சிந்தனை. அதைப் பாடமாக முறையாக வைத்திருப்பது நிறுவனப் பாடத்திட்டம்தான்.

அனுபவசாலி ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து கற்பதைத் தனி வழியாக நான் எண்ணவில்லை. பழுதுகள் பாடத்திட்டத்தின் வரிசையில் வருவதில்லை; பக்கத்தில் இருப்பவர் பொறுமையற்றவராக இருந்தால் கற்பவருக்கு மிஞ்சுவது கட்டளைகளின் பட்டியல் மட்டுமே. மூன்றில் ஏதேனும் ஒன்று முடிந்த பிறகு அது நல்ல தொடர்ச்சி.

எனக்குச் சரியாகப் படும் வரிசை இது: முதல் வாரம் பிடித்துவைத்த அழைப்புகளோடு நெறிமுறை, அடுத்த சில வாரங்கள் வேண்டுமென்றே கெடுக்கப்பட்ட திறந்த மூல ஆய்வகம், அதன் பிறகே, பணியிடத்தில் எந்தக் கருவி இருக்கிறதோ அதன் நிறுவனப் பாடத்திட்டம். ஒரே நிறுவனத்தின் அமைப்பை இரண்டு மாதத்தில் ஏற்று நடத்த வேண்டிய குழு இதைத் தலைகீழாக்கிக்கொள்ளலாம், ஆனால் பாக்கெட் பதிவு வாசிக்கும் பயிற்சியை விட்டுவிடக் கூடாது. தொலைபேசிச் சேவை வழங்கும் நிறுவனத்தில் சேரப்போகிறவருக்கு மேசைத் தொலைபேசிகளை நிர்வகிக்கும் திரைகளால் பெரிய பயன் இல்லை. அவருக்கு ஆர்எஃப்சியும் கமைலியோவுமே சோறு போடும்.

தேறியவர் யார் என்று பார்ப்பதிலும் வழிகள் வேறுபடுகின்றன. சான்றிதழ் கையில் இருப்பவரிடமும் ஐந்து பழுதான அழைப்புகளின் பதிவுக் கோப்புகளைத் தந்து, எந்தக் கருவியின் மேல் சந்தேகம், எந்த வரியைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று எழுதச் சொல்வேன். கருவியின் பெயரை மட்டும் எழுதி வரியைக் குறிப்பிடாதவருக்கு மதிப்பெண் கிடையாது.

அந்தத் தேர்வுக்கும் இப்போது ஒரு சோதனை வந்திருக்கிறது. சிப் செய்திகள் டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்க உறைக்குள்ளும் குரல் அதே போன்ற எஸ்ஆர்டிபி பூட்டுக்குள்ளும் போகத் தொடங்கிய இடங்களில், நடுவழியில் பிடித்த பாக்கெட்டுகளில் செய்தியின் வயிற்றைப் பார்க்க முடியாது. அங்கே முனைகளின் லாக் கோப்புகளையும், வலையமைப்பின் எல்லையில் நின்று அழைப்புகளைக் காக்கும் எஸ்பிசி கருவி மறைகுறியைப் பிரித்த பின் எழுதிவைக்கும் தடத்தையும், இழப்பையும் ஜிட்டரையும் (பாக்கெட்டுகள் சீரற்ற இடைவெளியில் வருவது) தெரிவிக்கும் ஆர்டிசிபி அறிக்கைகளையும் கோத்துப் படிக்க வேண்டும். எந்தத் தடத்தை எந்தக் கருவியில் எப்படி எடுப்பது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், அந்த ஒரு விஷயத்தில் நெறிமுறை ஆசிரியர் நிறுவனக் கையேட்டைத்தான் கையில் எடுக்க வேண்டியிருக்கிறது.