மதுரை–சென்னை விமானம்: பறப்பது ஒன்றேகால் மணி, ஆகும் நேரம் வேறு

மதுரையிலிருந்து சென்னைக்கு வான்வழி நேர்க்கோட்டில் சுமார் 420 கி.மீ.; தண்டவாளத்தில் 493. காற்றாடியால் பறக்கும் சிறிய ஏடிஆர் 72 விமானம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்தில் பறந்துவிடும். டிக்கெட்டில் ஒன்றரை மணி வரை போட்டிருப்பார்கள். ஓடுபாதையில் ஊர்ந்து போகும் நேரமும் அதில் சேர்த்தி.

கணக்கை வீட்டு வாசலிலிருந்து போடுங்கள். மதுரை ஜங்ஷனிலிருந்து விமான நிலையம் சுமார் 12 கி.மீ. அவனியாபுரம் நெரிசலுக்கு 40 நிமிடம் ஒதுக்குங்கள். பெட்டி போடும் கவுண்டர் 60 நிமிடம் முன்பே மூடிவிடும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

ஏடிஆரில் தலைக்கு மேலுள்ள பெட்டியறை சிறியது. எடை 7 கிலோவுக்குள் இருந்தாலும் சக்கரம் வைத்த விறைப்பான பெட்டி நுழையாது, வாங்கிச் சரக்கறையில் போட்டுவிடுவார்கள். சென்னையில் அதற்காகக் காத்து நிற்க வேண்டும். துணிப்பையே நல்லது. காற்றாடி இரைச்சல் முன்பாதியில் அதிகம். பின்வரிசை கேளுங்கள், ஏறி இறங்கும் கதவும் பின்னால்தான். இறக்கை மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலும் தரை தெரியும், அருமையான காட்சி!

எழும்பூர்ப் பக்கம் வேலையென்றால் ஏறத்தாழ ஆறரை மணியில் சேர்க்கும் தேஜஸ் ரயிலே போதும். கிண்டி, பல்லாவரம் என்றால் தாராளமாக விமானம்.